பீப்பாயில் துளை போடுவதற்கு முன்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் ஆறு பக்கங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 63. சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறுவயதில் அவருடைய பாட்டி பித்தளைத் தவலையில் ஓமத்தைக் கொதிக்கவிட்டு, மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்து, இடுக்கெல்லாம் கோதுமை மாவுப் பசையால் அடைத்து, மூங்கில் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தீநீர் இறக்குவதைப் பார்த்து வளர்ந்திருக்கிறார். இப்போது கையில் நேரம் இருக்கிறது. பேரக் குழந்தைகளும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆகவே சொந்தமாக ஒரு வாலை (வடிக்கும் கலம்) செய்து ஓமத் தீநீரும், எலுமிச்சைப் புல் எண்ணெயும், முடிந்தால் வெட்டிவேர் எண்ணெயும் இறக்க விரும்புகிறார். “உங்களிடம் எதையும் மறைக்க விரும்பவில்லை” என்று எழுதி, தாத்தா கரும்புப் பாகிலிருந்து காய்ச்சியதுபோல் வருடத்துக்கு நாலைந்து புட்டி சாராயமும் வீட்டு உபயோகத்துக்குக் காய்ச்ச நினைப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

புதிய எவர்சில்வர் கொதிகலனின் விலையைக் கேட்டு மலைத்துப்போனாராம். அதைக் கண்ட மருமகன் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து 50 லிட்டர் பீர் பீப்பாய் ஒன்றை, புதியதன் விலையில் கால் பங்குக்கும் குறைவாக வாங்கிவந்து கொடுத்திருக்கிறார். ரசீது இல்லை. பீப்பாய் இப்போது பின்கட்டில் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிறது. வாசகரின் கேள்விகள் மூன்று. இதன் தலையை வெட்டி வாலையாக மாற்றலாமா? இதைவிட மலிவாகவும் நல்லதாகவும் வேறு கலம் கிடைக்குமா? விற்பனை எதுவும் செய்யாதபோது சட்டத்துக்கு இதில் என்ன வேலை?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பாட்டி இறக்கிய தீநீரின் வாசனையை நீங்கள் விவரித்திருக்கும் விதத்திலிருந்தே இது பொழுதுபோக்குக்காக எழுந்த ஆசை அல்ல என்பது புரிகிறது. அதை நிறைவேற்றிக்கொள்ள முறையான வழி இருக்கிறது என்றே நான் நம்புகிறேன். ஆனால் நீங்கள் விலையிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். நம் நாட்டில் ஒரு வாலைக்கு முதலில் வேண்டியது இரண்டு காகிதங்கள்: கலம் உங்களுடையது என்று காட்டும் ஒன்று, அதை வாலையாக வைத்துக்கொள்ள அனுமதிக்கும் மற்றொன்று. இவ்விரண்டும் கையில் இல்லாதவரை, இலவசமாகக் கிடைத்த பீப்பாய்கூட உங்களுக்கு விலை கூடியதுதான்.

பின்கட்டில் இருக்கும் பீப்பாயைப் பற்றி

அவசரம் இதில்தான் என்பதால் இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தார்ப்பாயை விலக்கி, பீப்பாயின் மேல்விளிம்பைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அநேகமாக அந்த வளையத்தில் ஒரு மதுபான நிறுவனத்தின் பெயரும், அது தங்கள் சொத்து என்ற வாசகமும் அழுத்திப் பொறிக்கப்பட்டிருக்கும். பீர் பீப்பாய்கள் பொதுவாக விற்கப்படுவதில்லை. மதுக்கூடங்களுக்கு முன்பணத்தின் பேரில் கொடுக்கப்பட்டுத் திரும்பப் பெறப்படுகின்றன. முன்பணம் கட்டியவருக்குப் பீப்பாயை வைத்திருக்கும் உரிமை உண்டே தவிர, அதன் உடைமை அவருக்கு மாறுவதில்லை. தனக்கு உடைமை இல்லாத பொருளை அவர் இரும்புக் கடைக்கு விற்றிருந்தால், கடைக்காரருக்கும் உடைமை கிடைக்கவில்லை, உங்கள் மருமகனுக்கும் கிடைக்கவில்லை. “காசு கொடுத்துத்தானே வாங்கினோம்” என்ற நியாயம் இங்கே போதாது.

1955 ஆம் ஆண்டின் 62 ஆம் எண் பொதுச் சட்டத் திருத்தச் சட்டத்தில் 36, 37 என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. திருடப்பட்டதாக நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க பொருள் ஒருவரிடம் இருந்து, அது எப்படி வந்தது என்பதற்கு அவரால் திருப்தியான விளக்கம் தர முடியாவிட்டால் அதுவே குற்றம் என்கிறது 36. விற்பவருக்கு அதை விற்கும் உரிமை இருக்கிறது என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இல்லாமல் திருட்டுப் பொருளை வாங்குவதைக் குற்றமாக்குகிறது 37. இந்த 37 ஆம் பிரிவில் தன் குற்றமின்மையைக் குற்றம் சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும் என்று முன்பு இருந்ததை, 2000 ஆம் ஆண்டில் மனமெலா வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. ஆகவே பழைய கடுமை இப்போது இல்லை. ஆனால் விளிம்பில் உரிமையாளரின் பெயர் பொறிக்கப்பட்ட ஒரு பொருளை, ரசீது இல்லாமல், கால் விலைக்கு வாங்கியவருக்கு “நியாயமான காரணம்” என்று சொல்ல என்ன இருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முன் வழக்குக்காக என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர், அந்தப் பெயரை கிரைண்டரால் தேய்த்து அழித்திருந்தார். பளபளவென்று இருந்த அந்த நான்கு அங்குலம்தான் அவருக்கு எதிரான மிகப் பெரிய சாட்சியாக நீதிமன்றத்தில் நின்றது. தெரியாமல் வாங்கியவர் அதை ஏன் தேய்க்க வேண்டும் என்ற கேள்விக்கு என்னாலும் நல்ல பதில் சொல்ல முடியவில்லை.

எனவே பீப்பாயை வெட்டாதீர்கள், தேய்க்காதீர்கள், வேறொருவருக்குக் கைமாற்றியும் விடாதீர்கள். எந்தக் கடை, எந்த நாள், என்ன தொகை, யார் கொடுத்தார் என்பதை மருமகனை உட்காரவைத்து இன்றைக்கே எழுதி வாங்குங்கள். பொறிக்கப்பட்ட எழுத்துகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வழக்கறிஞர் மூலமாக அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, பீப்பாயை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தாங்களே முன்வந்து ஒப்படைத்தவர்மேல் எந்த நடவடிக்கையும் வராது என்று என்னால் உறுதி தர முடியாது. ஆனால் நல்லெண்ணத்தைக் காட்ட இதைவிடத் தெளிவான செயல் வேறு இல்லை. இதற்கிடையே காவலர்கள் வந்து விசாரித்தால், பதற்றத்தில் ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டாம். கைது செய்யப்பட்டவருக்கு மௌனமாக இருக்கும் உரிமையையும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமையையும் நம் அரசியலமைப்பின் 35 ஆம் பிரிவு தருகிறது.

சட்டத்துக்கு அப்பால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆலையில் வேலை பார்த்த உங்களுக்கு அழுத்தத்தின் குணம் தெரியும். காலியாகத் தோன்றும் பீப்பாய்க்குள்ளும் கரியமில வாயு அழுத்தத்தோடு அடைபட்டிருக்கலாம். அதன் வாயில் இருக்கும் ஈட்டி போன்ற நீண்ட குழாயைச் சரியாக அழுத்தத்தை இறக்காமல் கழற்ற முயன்றால், அது துப்பாக்கிக் குண்டுபோல் மேலே பாயும். முகத்தைக் குனிந்து வைத்துக்கொண்டு வேலை செய்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து.

“வீட்டுக்குத்தானே” என்ற எண்ணம்

கடிதத்தில் மூன்று இடங்களில் “விற்கப் போவதில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லவர்கள் பலரும் நம்பும் பிழையான கருத்து இது. மதுவை விற்பதற்கான உரிமத்தைப் பற்றி வேறு சட்டங்கள் பேசுகின்றன. நீங்கள் சந்திக்கப்போவது 1964 ஆம் ஆண்டின் 91 ஆம் எண் சுங்க, கலால் சட்டத்தை. அதன் 63 ஆம் பிரிவு வாலைகளையும் அவற்றைச் செய்பவர்களையும் பற்றியது. அது நீங்கள் விற்றீர்களா என்று பார்ப்பதற்கு முன்பே, வாலை என்ற கருவியைச் செய்வதையும் வைத்திருப்பதையும் நாட்டின் வரித் துறையான வருவாய்ச் சேவையின் ஆணையருடைய அனுமதிக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறது. வரி கட்டாமல் சாராயம் வெளியேறக்கூடிய வாசல் என்றே சட்டம் வாலையைப் பார்க்கிறது. முறைகேடாகக் கையாளப்பட்ட பொருள்கள் பறிமுதலுக்கு உரியவை என்று 87 ஆம் பிரிவும், அவற்றைக் கைப்பற்றும் அதிகாரத்தை 88 ஆம் பிரிவும் தருகின்றன.

இன்னொரு நண்பர் என்னிடம் கேட்டதுண்டு: “மாரிக்கோ பக்கத்து விவசாயிகள் மாம்பூர் என்ற பழச் சாராயம் காய்ச்சுகிறார்கள், கேப் பகுதியில் விட்பிளிட்ஸ் என்ற திராட்சைச் சாராயம் காய்ச்சுகிறார்கள். அதற்குத் திருவிழாவே எடுக்கிறார்கள். நமக்கு மட்டும் ஏன் தடை?” அவர்களுக்கும் சட்டம் உண்டு. வேளாண் வடிப்பாளர்களுக்கென்று அதே சட்டத்தில் 62 ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. சொந்தப் பண்ணையும் அதில் விளையும் பழமும் உள்ளவர்களை எண்ணி எழுதப்பட்ட ஏற்பாடு அது. சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டின் பின்கட்டு அதற்குள் அடங்காது. வீட்டில் பீரோ இஞ்சிக் கள்ளோ புளிக்கவைப்பதையும் இதோடு சேர்த்து எண்ணாதீர்கள். புளிக்கவைப்பது வேறு, வடிப்பது வேறு. வடித்த சாராயத்தின்மீது கலால் வரி அதிலுள்ள தூய சாராயத்தின் லிட்டர் கணக்கில் விழுகிறது. 43 விழுக்காடு கொண்ட 750 மில்லிலிட்டர் புட்டி ஒன்றில் தூய சாராயம் ஏறக்குறைய 0.32 லிட்டர். வரவுசெலவுத் திட்டத்தில் அந்த வரி உயரும்போதெல்லாம் அனுமதியற்ற வாலைகளைத் தேடும் முனைப்பும் இயல்பாகவே கூடுகிறது.

“குழாய் மாட்டும் வரை அது வெறும் பானைதானே” என்றும் கேட்டிருக்கிறீர்கள். சமையல் பானை சமையல் பானைதான். யாரும் அதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் மூடியில் துளையிட்டு, ஆவிக் குழாயைப் பற்றவைத்து, சுருள் குழாயைப் பக்கத்தில் வைத்த பிறகு, அதைப் பானை என்று சொல்லி ஒரு கலால் அதிகாரியை நம்பவைக்க முடியாது. ஓமத் தீநீருக்கென்று செய்த வாலையும் சாராயத்துக்கென்று செய்த வாலையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். எண்ணெய்க்காக என்றால் அனுமதி தேவையில்லை என்று நீங்களாகவே முடிவு செய்துவிட வேண்டாம். வெளிநாட்டிலிருந்து ஆயத்தமான வாலையைத் தருவிக்கலாமா என்ற யோசனைக்கும் இதே பதில்தான். அது சுங்கத்தின் வழியாகத்தானே உள்ளே வர வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. வருவாய்ச் சேவையின் சுங்க, கலால் அலுவலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். கலத்தின் கொள்ளளவு, எதனால் ஆனது, எந்த முகவரியில் இருக்கும், எதை வடிப்பீர்கள் என்பவற்றைக் குறிப்பிட்டு, கையால் வரைந்த ஒரு படத்தையும் சேர்த்து, “இதை வைத்திருக்க என்ன பதிவும் அனுமதியும் தேவை?” என்று கேளுங்கள். வாய்மொழியாக யாராவது “பரவாயில்லை” என்று சொன்னால் அதை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். நாளைக்கு அந்த மனிதர் வேறு அலுவலகத்துக்கு மாறியிருப்பார்.

சாராயத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல்

உங்கள் தாத்தாவை நான் குறை சொல்லவில்லை. நம் மக்கள் மது வாங்குவதற்கே இந்த மண்ணில் தடைகள் இருந்த காலம் அது. தோட்டங்களில் அவர்கள் என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்பதை இன்றைய அளவுகோலால் அளக்கக் கூடாது. ஆனால் உங்களுக்கு என் ஆலோசனை, சாராயத் திட்டத்தை விட்டுவிடுங்கள் என்பதுதான். அனுமதிக்கான விண்ணப்பத்தில் அதைச் சேர்த்தால் வரி, பதிவு, கண்காணிப்பு என்று விரியும். சேர்க்காமல் மறைத்துவிட்டுக் காய்ச்சினால் பொய்யான விண்ணப்பம் என்ற இரண்டாவது குற்றமும் சேரும். நாலைந்து புட்டிக்காக இது தகாது.

“முதலில் வருவதைக் கொட்டிவிட்டால் நஞ்சு போய்விடும்” என்று எழுதியிருக்கிறீர்கள். மெத்தனால் 64.7 பாகையிலும் எத்தனால் 78.4 பாகையிலும் கொதிப்பது உண்மை. ஆனால் ஊறலுக்குள் இரண்டும் தண்ணீரோடு கலந்து கிடக்கும்போது, ஒன்று முழுக்க வெளியேறிய பின் அடுத்தது என்று அவை வரிசையில் நிற்பதில்லை. கரும்புப் பாகு ஊறலில் மெத்தனால் மிகக் குறைவாகவே உண்டாகும் என்பது ஆறுதலான செய்தி. பெக்டின் மிகுந்த பழங்களில்தான் அது கூடும். கூட்டம் கூட்டமாக மனிதர்கள் பார்வையிழந்து மாண்டுபோகும் துயரங்களுக்குப் பெரும்பாலும் காரணம், தொழிற்சாலை மெத்தனாலை யாரோ கலந்து விற்பது. இருந்தாலும் எப்போதாவது யாருக்காவது, எங்கிருந்தோ வந்த சாராயத்தைக் குடித்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் பார்வை பனிமூட்டம்போல் மங்கினால், போதை தெளியட்டும் என்று படுக்கவைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். முறிமருந்து இருக்கிறது. நேரம்தான் உயிரைக் காக்கும்.

நெருப்பையும் எண்ணிப் பாருங்கள். சாராய ஆவி காற்றைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது. மேலே போய்விடும் என்று நினைப்பவரின் காலடியில் அது தரையோடு பரவி, கேஸ் அடுப்பின் சுடரைத் தேடிப்போகும். உங்கள் வீடு பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சுவருக்கு அப்பால் தூங்கும் குழந்தைகள் உங்கள் ஆசைக்குச் சம்மதம் தெரிவிக்கவில்லை. அனுமதியற்ற வாலையால் தீப்பிடித்தது என்று தெரிந்தால், வீட்டுக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அதைவிட வசதியான காரணம் அதற்குத் தேவைப்படாது. பக்கத்து வீட்டாரின் நட்டத்துக்கும் நீங்களே பொறுப்பாவீர்கள்.

தீநீருக்கு மலிவான எவர்சில்வர் கலம்

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். நான் வழக்கறிஞன். இந்தப் பகுதிக்காக, பாய்லர்மேக்கராக ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன்.

வீட்டு அளவுக்கு 50 லிட்டர் வேண்டியதே இல்லை; 20 முதல் 30 லிட்டர் போதும். விசேஷங்களில் தேநீருக்கு வைப்பார்களே, அந்த மின்சார அர்ன்தான் உங்களுக்குப் பொருத்தமானது என்பது அவர் கருத்து. சூடேற்றும் பாகம் அதிலேயே இருக்கிறது, சுடர் இல்லை, உணவுக்கென்றே செய்யப்பட்டது. 25 லிட்டர் தண்ணீர் 25 பாகையிலிருந்து கொதிநிலைக்கு வர ஏறக்குறைய 2.2 யூனிட் மின்சாரம் ஆகும். 2 கிலோவாட் அர்ன் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆனால் விளிம்புவரை நிரப்பாதீர்கள். முக்கால் பங்குக்கு மேல் போனால் நுரையும் இலையும் குழாய்க்குள் ஏறிவிடும். இரண்டாவது தேர்வு, உணவகங்களில் குழம்பு வைக்கும் கனமான எவர்சில்வர் பாத்திரம். மூன்றாவது, பால் பண்ணைகளில் பயன்படும் எவர்சில்வர் பால் கேன். கழுத்து குறுகலாக இருப்பதால் மூடியை அடைப்பது சுலபம்.

கல்யாண அண்டாக்கள் வீட்டில் சும்மா கிடக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். அவை பெரும்பாலும் அலுமினியம். ஓமம் போன்ற காரமான சரக்குகளை மணிக்கணக்கில் கொதிக்கவைக்க அவர் சம்மதிக்கவில்லை. பழைய கீசர் தொட்டி வேண்டவே வேண்டாம். உள்ளே பூச்சு உதிர்ந்திருக்கும், பல வருடக் கசடு படிந்திருக்கும், அதைத் திறந்து கழுவவும் முடியாது.

எவர்சில்வர் எல்லாம் ஒன்றல்ல. உணவுக் கலங்களுக்கு வழக்கமானது 304 என்ற தரம். அதில் குரோமியம் சுமார் 18 விழுக்காடும் நிக்கல் சுமார் 8 விழுக்காடும் இருக்கும். 316 அதைவிட மேல், விலையும் மேல். உங்கள் வேலைக்கு அது தேவையில்லை. ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள். பாத்திரத்தின் நடுப்பகுதியில் பலமாக ஒட்டினால் அது நிக்கல் இல்லாத 430 ஆக இருக்கலாம். மடித்த விளிம்பில் மட்டும் இலேசாக ஒட்டினால் கவலைப்பட வேண்டாம். வளைத்துத் தட்டிய இடத்தில் 304 கூட அப்படி ஒட்டும். ஆனால் காந்தம் ஒட்டாததெல்லாம் 304 என்றும் சொல்லிவிட முடியாது. தரம் எழுதிய ரசீதைக் கேட்பதுதான் நல்லது. உட்புறம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வெல்டிங் ஓரத்தில் பிளவோ பழுப்புக் கறையோ தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள்.

பெரியவர் குரலை உயர்த்திச் சொன்னது ஈயத்தைப் பற்றித்தான். பழைய வண்டியின் ரேடியேட்டரைக் குளிர்விக்கும் சுருளாக வைப்பதும், சாதாரண ஈயப்பற்றினால் குழாயை இணைப்பதும் மெதுவாகக் கொல்லும் வேலை. கொதிகலன் எவ்வளவு சுத்தமான எவர்சில்வராக இருந்தாலும், ஆவி போகும் வழியில் ஈயம் இருந்தால் அது பேரக் குழந்தையின் வயிற்றுக்குள்தான் போய்ச் சேரும். ஓமத் தீநீர் குழந்தைகளுக்குக் கொடுப்பது என்பதை மறக்காதீர்கள். துத்தநாகம் பூசிய குழாயும் ஆகாது.

மூடியை எப்படி அடைப்பது என்ற கேள்விக்குப் பதில் உங்கள் பாட்டியிடமே இருக்கிறது. சித்த மருத்துவர்கள் சீலைமண் பூசுவார்கள். பாட்டி மாவுப் பசை வைத்தார். ஆவி வழி அடைபட்டால் முதலில் பிளப்பது அந்தப் பசைதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். நெருக்கித் திணித்த எலுமிச்சைப் புல் குழாயின் வாயை மூடிவிட்டால், போல்ட்டு போட்டு இறுக்கிய மூடி வெடிகுண்டாகும்; பசை வைத்த மூடி உஸ் என்று சீறி உங்களை எச்சரிக்கும். 50 கிலோபாஸ்கல் அழுத்தத்தையும் அதற்கு மேலும் தாங்க வடிவமைத்த கலங்களுக்கு 2009 ஆம் ஆண்டின் அழுத்தக் கருவி விதிகள் பொருந்தும். உங்கள் வாலை எப்போதும் காற்றுக்குத் திறந்ததாகவே இருக்க வேண்டும். வால்வு எதையும் வைக்காதீர்கள். மின்சாரம் திடீரென்று போவது நமக்குப் பழகிப்போன ஒன்று. அப்போது கலம் குளிர்ந்து உள்ளே வெற்றிடம் உண்டாகும். குழாயின் நுனி சேகரித்த தீநீருக்குள் மூழ்கியிருந்தால், அத்தனையையும் கலம் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். நுனி எப்போதும் நீர்மட்டத்துக்கு மேல் தொங்கட்டும்.

எலுமிச்சைப் புல் ஓரிரு மணி நேரத்தில் எண்ணெயைக் கொடுத்துவிடும். 5 கிலோ பச்சைப் புல்லுக்கு 10 முதல் 25 மில்லிலிட்டர் கிடைத்தாலே மகிழ்ச்சி அடையுங்கள். வெட்டிவேருக்கு அரை நாளுக்கும் மேல் கொதிக்க வேண்டும். சிறிய அர்ன் அதற்கு ஏற்றதல்ல. ஒரு லிட்டர் தீநீரைக் குளிர்விக்கக் கிட்டத்தட்ட 20 லிட்டர் தண்ணீர் சூடேறும். குழாய்த் தண்ணீரைத் திறந்துவிடாமல் ஒரு டிரம்மில் சுற்றவிடுங்கள்.

எங்கே, எப்படி வாங்குவது

ரசீது தரும் இடத்தில் மலிவாக வாங்க வேண்டுமென்றால், மூடப்பட்ட உணவகங்களின் தளவாடங்களை விற்கும் பொது ஏலங்களைப் பாருங்கள். டர்பனைச் சுற்றி அப்படிப்பட்டவை அடிக்கடி நடக்கின்றன. அர்ன்களும் பெரிய பாத்திரங்களும் அங்கே புதியதன் விலையில் சிறு பங்குக்குப் போவதை நானே பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன 37 ஆம் பிரிவு பொது விற்பனையில் வாங்குவதைத் தன் வரம்பிலிருந்து விலக்குகிறது என்பது உங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு. பழைய பொருள் கடையில் வாங்குவதானால், 2009 ஆம் ஆண்டின் 6 ஆம் எண் பழைய பொருள்கள் சட்டத்தின்படி அந்தக் கடை காவல்துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும், வாங்கி விற்பதற்குப் பதிவேடும் வைத்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்டால் கோபப்படும் கடையில் எதையும் வாங்காதீர்கள்.

கடையில் வாங்கினால் 2008 ஆம் ஆண்டின் 68 ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56 ஆம் பிரிவு உங்களுக்கு ஆறு மாதத் தர உத்தரவாதத்தைத் தருகிறது. தனிநபரிடம் வாங்கினால் “ஃபூட்ஸ்டூட்ஸ்” என்று சொல்லி, இருக்கிற நிலையிலேயே உங்கள் தலையில் கட்டிவிடலாம். ஆனால் கடையை விட்டு வந்த பிறகு நீங்கள் கலத்தை மாற்றியமைத்தால், அந்த மாற்றத்தின் அளவுக்கு உத்தரவாதமும் போய்விடும். ஆகையால் வாங்கியதும் துளை போடாதீர்கள். இரண்டு வாரம் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பாருங்கள். கசிவோ, துருவோ, மின்கசிவுப் பாதுகாப்புச் சாதனம் துண்டிப்பதோ இருந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை அப்போதும் உங்கள் கையில் முழுமையாக இருக்கும்.

தெரிந்தவர்களுக்கு ஓமத் தீநீர் விற்கலாமா என்று மருமகன் கேட்பதாகக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். உணவாக விற்றால் 1972 ஆம் ஆண்டின் 54 ஆம் எண் சட்டமும், வயிற்றுவலிக்கு மருந்து என்று சொல்லி விற்றால் 1965 ஆம் ஆண்டின் 101 ஆம் எண் மருந்துகள் சட்டமும் குறுக்கே வரும். அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். விரிவாகப் பதில் தருகிறேன்.

இந்த வாரம் பீப்பாய்க்கான கடிதம் போகட்டும். அடுத்த வாரம் வருவாய்ச் சேவைக்கான விண்ணப்பம். அதன் பிரதி ஒன்றை எனக்கும் அனுப்புங்கள். அவர்களுடைய பதில் எழுத்தில் வந்து சேர்ந்ததும், அர்ன் மூடியில் துளையை எங்கே போடுவது என்று அந்தப் பெரியவரையே கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர்